நிற்கும் வேனுக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கார்பரேட்டர் காலத்து ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளை எடுத்துவிட்டுப் படுக்கையும் அடுப்புப் பெட்டியும் அமைத்திருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று முறை குடும்பத்துடன் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய் வருவதோடு சரி. மற்ற நாட்களில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. சென்ற மே மாதம் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஓராண்டில் 1,500 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: அவசியம் மாற்றுங்கள், வீட்டிலேயே செய்யலாம். நிற்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மாதக் கணக்குதான் உதவும். எப்போதாவது ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடும்போது, உள்ளே சேரும் ஈரமும், குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுப்பதால் எரியாமல் கீழிறங்கும் பெட்ரோலும் ஆவியாகும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. அவை ஆயிலிலேயே தங்கி அதன் வழவழப்பைக் கெடுத்து, நாளடைவில் அமிலத்தன்மையையும் உண்டாக்குகின்றன. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சற்றே சூடாக்கி அணைத்த பிறகு, அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; ஹாலோ பிளாக் கல் பாரத்தில் திடீரென உடையும், அதையும் முட்டுக்கொடுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டுதான் வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை முடுக்கிவிட்டால், வழியிலேயே ஆயில் முழுவதும் பீய்ச்சி வெளியேறிவிடும். புதிய வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே முடுக்கினால் போதும். டிரெயின் போல்ட்டையும் திரும்ப முடுக்கிவிட்டு, 3 லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்க்காமல், கொஞ்சம் மீதம் வைத்து, எஞ்சினில் செருகியிருக்கும் ஆயில் அளவுகோலின் இரு கோடுகளுக்கு இடையில் நிற்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கோலில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கக்கூடும். அப்போது மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும்.

வண்டி கொதித்ததற்கு ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரே காரணம் என்று சந்தேகிக்கிறேன். நம் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து, பழைய நீரை வடித்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் டப்பாவில் குறித்துள்ள விகிதத்தில் கலந்து நிரப்புங்கள். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் முன்புற ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றவில்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் மலை ஏற வேண்டாம். மரத்தடியில் நிற்கும் வண்டி என்பதால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள், எலி கூடு கட்டியிருக்கலாம். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை மட்டும் பட்டறையில் மாற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: வடித்த ஆயிலை எங்கே கொட்டுவது?
- வாசகி, ஆம்பூர்

பதில்: எங்கேயும் கொட்டக்கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை பட்ட பாடு, 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். ஆயில் வாங்கிய காலி டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு, அதையும் சேர்த்தே கொடுங்கள்.