இரண்டரை ரூபாய் யார் பையில்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள், லிஃப்ட் உண்டு. இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பொது மீட்டருக்கான கட்டணத்தை அரசு 5.50 ஆகக் குறைத்த பிறகும் நான் 8 ரூபாய்க் கணக்கிலேயே வசூலித்து மீதியைச் சுருட்டுகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். நான் பதில் சொல்லப் போக, அது கட்சிச் சண்டையாகி இப்போது வீடுகள் இரண்டு அணியாக நிற்கின்றன. நன்றியே இல்லாத இந்த வேலையை ராஜினாமா செய்துவிடவா? அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பவா? (பெயர் வேண்டாம், தாம்பரம் பக்கம்)

பதில்: முதலில் அந்த இரண்டரை ரூபாயை முடித்துவிடுவோம். 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது இணைப்பைத் தனி வகையில் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். ஊரே சத்தம் போட்டதும் 2023இல் 5.50 என்று குறைத்தார்கள், ஆனால் யாருக்கு? பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். உங்களுடையது 24 வீடு, லிஃப்ட் வேறு. ஆக, சுருட்ட அங்கே ஒன்றும் இல்லை.

இதைக் கரண்ட் பில்லோடு சேர்த்து லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே பேச்சு அடங்கியிருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்? அனுப்பியிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறதே: "ஏத்தினது நீங்க ஓட்டுப் போட்ட கட்சிதானே, அங்க போய்க் கேளுங்க." கணக்குக் கேட்டவரிடம் ஓட்டைப் பற்றிப் பேசினால் அவர் சும்மா இருப்பாரா? மின்வாரியக் கடனைச் சீர்செய்ய மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017இல் கையெழுத்துப் போட்டது யார் என்று அவர் கேட்க, மூன்றாவது மாடிக்காரர் டெல்லியை இழுக்க, ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோரும் சித்தாந்தம் பேசிக்கொண்டிருக்க, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். இந்தச் சண்டையில் லாபம் அவருக்கு மட்டும்தான்.

சரி, நன்றிக்கு வருவோம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோது, வழக்கமாக வருகிற ஆளை உள்ளே இறக்கினால் சல்லிசாக முடியும் என்று நாலைந்து பேர் நெருக்க, நீங்கள் லாரிதான் வரும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறீர்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இப்போது திருடன் பட்டம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபரீதமாக ஏதாவது நடந்திருந்தால், நெருக்கிய நாலைந்து பேரும் ஸ்டேஷனுக்கு வந்திருப்பார்களா? உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தத் தொட்டிக்குள் இறங்காமல் தப்பித்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, அவரும் வந்து நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் நீங்கள் செய்த பெரிய காரியம் அதுதான், அதைப் போய் ஒரு வரியில் எழுதிவிட்டு, பொங்கல் விழாவில் யாரும் சால்வை போடவில்லை என்று ஒரு பக்கம் புலம்பியிருக்கிறீர்கள்!

உங்கள் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று. பொதுக்குழுவில் "செயலாளர் பொறுப்புக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதும் அத்தனை பேரும் செல்போனைக் குனிந்து பார்த்தார்களாம், அதில் திருடன் என்று எழுதியவரும் ஒருவராம். கணக்குக் கேட்பது அவர் உரிமை, தாராளமாகக் கேட்கட்டும். பில்லைப் பார்க்காமலே திருடன் என்பது கொழுப்பு.

ராஜினாமா இப்போது வேண்டாம். இந்தச் சூட்டில் போனால், மாட்டிக்கொண்டான், ஓடிவிட்டான் என்பார்கள். இரண்டு வருடக் கணக்கையும் ஓர் ஆடிட்டரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பொதுக்குழுவைக் கூட்டுங்கள், பாக்கிப் பட்டியலை வீட்டு எண் போட்டு வாசியுங்கள். (வாசிக்கும்போது எந்த அணியில் பாக்கி அதிகம் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், இரண்டிலும் இருக்கும்.) சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மிச்சமிருப்பது ஒரு வருடம். அதுவரை அந்த வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர், கரண்ட், லிஃப்ட் தவிர வேறெதையும் நீங்கள் எழுதாதீர்கள். உங்கள் கட்சிக்கு உங்களை விட்டால் வேறு ஆள் கிடைக்கும்.

வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். அனுப்பியே தீருவேன் என்றால் சொந்தக் காசில் அனுப்புங்கள், சங்கச் செலவில் எழுதிவிடாதீர்கள்.