ஜெபித்துவிட்டுப் படித்தும் ஏன் மறந்துபோகிறது?

பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி: "ஜெபித்துவிட்டுத்தான் உட்காருகிறேன், நாலைந்து முறை வாசிக்கிறேன். தேர்வில் ஒன்றுமே நினைவுக்கு வருவதில்லை, ஏன்?"

தம்பி, குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை, வாசிக்கும் முறையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும்; பழகியதைத் தெரிந்ததென்று நம்பிவிடுகிறோம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் எப்படிப் படித்தீர்கள்? வேதாகமத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தீர்கள் அல்லவா, அதேதான். பாடத்தை ஒருமுறை கவனமாக வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதுங்கள். அப்புறம் விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். முதல் நாள் பாதிகூட வராது. பரவாயில்லை, தேடித் தடுமாறும் அந்த முயற்சிதான் நினைவை உறுதியாக்குகிறது. மறுநாளும், நாலு நாள் கழித்தும், அடுத்த வாரமும் இதையே செய்யுங்கள். மறதி தொடக்கத்தில்தான் மிக வேகம் என்று ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார்.

தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

ஜெபத்தையும் விடாதீர்கள். தானியேலுக்கு அறிவைத் தந்தவர் தேவன்தான். ஆனாலும் பாபிலோனில் தானியேலுக்கும் நண்பர்களுக்கும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்க மூன்று வருடம் குறிக்கப்பட்டிருந்தது. சரி, இன்று இரவே உங்களுக்குக் கடினமான ஒரு பாடத்தில் ஆரம்பியுங்கள்.