மேப்பில் இல்லாத சந்து: சில கேள்விகள், சில பதில்கள்

இங்கிலாந்து நகரங்களில் பொதுவழிகள் எங்கே, எப்படிப் பதிவாகின்றன என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சந்தில் ஊரே நடக்கிறது. பொதுவழிகளைச் சட்டப்படி பதிந்துவைக்கும் 'டெஃபினிட்டிவ் மேப்'பில் அது இல்லை என்கிறது கவுன்சில். அப்படியென்றால் பொதுவழி இல்லையா, அண்ணா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்த மேப்பில் ஒரு வழி இருந்தால் அது பொதுவழிதான், அதற்குச் சட்டப்படி மறுபேச்சு இல்லை. ஆனால் மேப்பில் இல்லை என்பதாலேயே பொதுவழி இல்லை என்று ஆகிவிடாது. நகரங்களில் இந்தக் குழப்பம் அதிகம். காரணம் பழையது. 1949 சட்டம் கவுண்டி கவுன்சில்களைத்தான் பாதைகளை அளந்து பதியச் சொன்னது. பர்மிங்காம், லீட்ஸ் மாதிரி அன்றைக்குக் 'கவுண்டி பரோ'வாக (கவுண்டி கவுன்சிலுக்குக் கீழ் வராத தனி நகராட்சியாக) இருந்த நகரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வயல்வெளி ஒற்றையடிப் பாதையெல்லாம் பதிவாகிவிட்டது, நகரத்துச் சந்துகள் விடுபட்டுப்போயின. 1981 சட்டம்தான் நகரங்களுக்கும் மேப் வேண்டும் என்றது. அதிலும் உள் லண்டன் பரோக்களுக்கு விலக்கு.

அப்போது வேறு எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது?

'லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரீட்ஸ்' கேளுங்கள். பொதுச் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியல் அது. 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 36வது பிரிவுப்படி கவுன்சில் அதை வைத்திருந்தாக வேண்டும். காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். நான் பார்த்தவரை பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: பராமரிப்பது யார் என்பதுதான் அதில் இருக்கும். நடக்க மட்டுமா, வண்டியும் போகலாமா என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் மேப்பில் கோடு இருக்கிறதே?

பச்சைக் கோடா, கறுப்புக் கோடா? 1:25,000 மேப்பில் பச்சையில் இருப்பவை டெஃபினிட்டிவ் மேப்பிலிருந்து எடுத்தவை. கறுப்பு என்றால் தரையில் ஒரு தடம் தெரிகிறது, அவ்வளவுதான். அது உரிமைக்குச் சான்று ஆகாது என்று அந்த மேப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

எங்கள் சந்து டெஃபினிட்டிவ் மேப்பில் ஏற என்ன செய்ய வேண்டும்? போன மாதம் நிலக்காரர் கதவைப் பூட்டிவிட்டார்.

முதலில் பூட்டிய தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி 20 வருடம் மக்கள் தடையில்லாமல் நடந்தார்கள் என்று காட்ட வேண்டும். பூட்டை உடைத்தோ, ஒளிந்தோ, அனுமதி வாங்கியோ நடந்தது கணக்கில் வராது. ஒரே ஆள் 20 வருடமும் நடந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் எட்டு வருடம், இன்னொருவர் பதினைந்து வருடம் என்று பலருடைய சாட்சியம் சேர்ந்து காலத்தை நிரப்பினால் போதும். ஆகவே பழைய குடித்தனக்காரர்களைத் தேடிப் பிடியுங்கள். ஊர் மாறிப் போனவர்களின் சாட்சியமும் செல்லும். நிலக்காரர் முன்பே "இதைப் பொதுவழியாக விடவில்லை" என்று கவுன்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். கொடுத்திருந்தால் கணக்கு மாறும்.

பழைய காகிதங்களும் உதவும். எனக்குப் பிடித்தது 1910 நிதிச் சட்டத்துக்காகத் தயாரித்த வரைபடங்கள். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். வரிக்காக ஒவ்வொரு நிலத்துக்கும் வண்ணம் பூசியவர்கள், பொதுச் சாலைகளைப் பெரும்பாலும் வெள்ளையாக விட்டார்கள். உங்கள் சந்து வெள்ளையாக இருந்தால் நல்ல சகுனம். ஆனால் அது ஒன்றே போதாது.

1981 சட்டத்தின் 53வது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 12 மாதத்தில் கவுன்சில் முடிவு சொல்லாவிட்டால், சீக்கிரம் முடிக்க உத்தரவிடுங்கள் என்று மேலே, அரசிடம் கேட்கலாம். கேட்டாலும் வருடக்கணக்கில் இழுக்கும். பொறுமை வேண்டும்.

2026க்குப் பிறகு பழைய ஆவணங்கள் செல்லாதாமே?

2000 சட்டம் அப்படித்தான் கெடு வைத்திருந்தது. பிறகு அதை 2031க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

எங்கள் சந்துக்குக் கவுன்சிலே கேட் போட்டுவிட்டது. உரிமை போச்சா?

போகவில்லை. அது 2014 சட்டப்படி, பொது இடத்தில் தொல்லைகளைத் தடுக்கப் போட்ட 'பொது இட உத்தரவு' (PSPO) என்றால், நடப்பதைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழியின் உரிமை அப்படியே இருக்கிறது. அந்த உத்தரவு அதிகபட்சம் மூன்று வருடம்தான் செல்லும், அப்புறம் நீட்டிக்க வேண்டும். நகல் கேட்டு, முடியும் தேதியைப் பாருங்கள். சில இடங்களில் தேதி தாண்டியும் கேட் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.