பத்துக்கு இரண்டு தடவை ஸ்டார்ட் ஆகாத கார்: கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: ஏழு வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். பத்துத் தடவையில் இரண்டு தடவை ஸ்டார்ட் ஆவதில்லை. புது பேட்டரி போட்டும் மாற்றமில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். பெங்களூரில் இருக்கிறேன், எங்கே ஆரம்பிப்பது?

முதலில், அடுத்த பாகத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பார்த்து எவ்வளவு பெரிய மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டார்ட் ஆகாத அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாத் தடயமும் இருக்கிறது. அப்போது வண்டிக்குள் இருப்பது நீங்கள்தான். ஆகவே தடயத்தைப் பிடிக்கும் வேலையும் உங்களுடையதுதான்.

"ஸ்டார்ட் ஆகல" என்ற பேச்சுக்குள் இரண்டு வேறு வியாதிகள் இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் (சாவி திருப்பியதும் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்) சுற்றவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவதில் பெட்ரோல் பம்புக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் வேலையே இல்லை. இரண்டாவதில் பேட்டரியைக் குறை சொல்வதில் பெரும்பாலும் பயனில்லை. உங்களுடையது எது என்று கேள்வியில் இல்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

இன்றிலிருந்து ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். காருக்குள் கூரை விளக்கைப் போடுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, டாஷ்போர்டு மீட்டரும் கூரை விளக்கின் வெளிச்சமும் தெரியும்படி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட்லைட் இதற்கு உதவாது. பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் தானாகவே அணையும்படிதான் வயரிங் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். வண்டி மக்கர் பண்ணும் அந்த ஒரு தடவை வீடியோவில் சிக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

"டிக்டிக்டிக்" என்று வேகமாகத் தொடர் சத்தம், கூடவே கூரை விளக்கு மங்கி மங்கித் துடிக்கிறது: மின்சாரம் போதவில்லை. சோலினாய்டு (செல்ஃபோடு இருக்கும் மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்டைக் கேட்ட உடனே வோல்டேஜ் விழுகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடியும் இழுக்கிறது. பேட்டரியோ, தடி கேபிளோ, டெர்மினலோ காரணம்.

கனமான ஒரே ஒரு "டக்", விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை: சோலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. உள்ளே இருக்கும் தாமிரக் காண்டாக்ட் தீய்ந்திருக்கும், இல்லையென்றால் கார்பன் (சுற்றும் பாகத்துக்கு உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டு) தேய்ந்திருக்கும். அதே "டக்"கோடு விளக்கு அடியோடு மங்கினால் செல்ஃப் உள்ளே இறுகியிருக்கலாம், பேட்டரி பக்கமும் சந்தேகப்பட வேண்டும்.

சத்தமே இல்லை, விளக்கு பளிச்சென்று அப்படியே இருக்கிறது: சாவியிலிருந்து செல்ஃபுக்குக் கட்டளை கொண்டுபோகும் சின்ன வயர் வழியில் எங்கேயோ அறுபட்டிருக்கிறது. கிளட்ச் ஸ்விட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் ஸ்விட்ச்), இக்னிஷன் ஸ்விட்ச் எல்லாம் இந்த வழியில்தான்.

பேட்டரி மாற்றியும் கோளாறு தொடர்வதால் தடி கேபிள் பக்கம்தான் எனக்கு முதல் சந்தேகம், அதிலும் பேட்டரி மாட்டின விதத்தில். சின்ன கார்களில் வரும் ஜப்பானிய ரக பேட்டரியின் பாசிட்டிவ் முனை சுமார் 14.7 மி.மீ., மற்ற ரகத்தில் 19.5 மி.மீ. பெரிய முனைக்கான கிளாம்ப்பைச் சின்ன முனையில் மாட்டி, இடுக்கில் ஒரு தகட்டையோ ஆணியையோ செருகி இறுக்கிவிடுவது நம் ஊர்க் கடைகளில் சகஜம். கையால் கிளாம்ப்பைத் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் கோளாறு அங்கேதான். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை விட்டுவிடும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை குலுங்கிக் குலுங்கியே சரியாகிவிடும்.

வெறும் கண்ணால் பார்த்தது போதாது, அளந்துவிடுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளைச் சுற்றி அலைவதற்கு முன்னால் இந்த ஒரு பொருளை வாங்குங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற காரில், கதவைத் திறந்துமூடி எதையும் உசுப்பாமல், பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாமல் மற்ற எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எல்லாமே தப்பாக வரும்.

அடுத்தது செல்ஃப் சுற்றும்போது எடுக்கும் அளவு. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள், என்ஜின் பிடிக்காமல் இருக்கும். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் மீட்டர் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 விநாடி போதும், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈய முனையின் மேலேயே), மறு முனையைச் செல்ஃபில் தடி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். கேபிள் நன்றாக இருந்தால் 0.5 வோல்ட்டுக்குள் காட்டும். அதேபோல பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் செல்ஃபின் வெறும் இரும்பு உடம்புக்கும் நடுவே 0.3-க்குள். அதிகம் காட்டினால் மீட்டரின் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: ஈய முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே, கிளாம்ப்புக்கும் பாடிக்கும் நடுவே, பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே. எந்த ஒரு இணைப்பில் 0.1-க்கு மேல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

ஓம் மீட்டரில் வைத்து "கேபிள் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் 150 ஆம்பியர் போல இழுக்கும். இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரால் 0.01 ஓமைப் பிரித்துக் காட்டவே முடியாது. நின்ற நிலையில் 12.6 காட்டும் அதே கேபிள், சுமை ஏறும்போது கைவிடுவது இதனால்தான்.

பெரும்பாலும் மாட்டுவது எர்த், அதாவது நெகட்டிவ் பக்கத்து இணைப்பு. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையையோ கேபிளையோ கழற்றி, லக்கு (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) ஓரத்தில் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். தாமிரம் பளபளவென்று இருக்க வேண்டும். பச்சைப் பொடி உதிர்ந்தாலோ, இழைகள் கருத்து நொறுங்கினாலோ கேபிளையே மாற்றுங்கள், சுரண்டி மாட்டிப் பயனில்லை. டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டு, 10 நம்பர் ஸ்பேனரில் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கேபிள் எல்லாம் சரி, செல்ஃபின் சின்ன வயரில் சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் செல்ஃபைக் கழற்றலாம். முழு செல்ஃபும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் காண்டாக்ட், கார்பன், புஷ் மாற்றித் தந்துவிடுவார். சாலையில் மாட்டிக்கொண்டால் செல்ஃபின் உடம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் தேய்ந்த கார்பன் ஒட்டிக்கொண்டு ஒரு தடவை சுற்றும். ஓங்கி அடிக்காதீர்கள், பல செல்ஃப்களில் உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும், விரிசல் விட்டுவிடும். தட்டி ஸ்டார்ட் ஆனது என்பதே கார்பன் பக்கம் கை காட்டும் தடயம்.

சின்ன வயர் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். செல்ஃப் ரிலேயைக் கழற்றி அதே ரகத்து ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் காராக இருந்தால், பெடலுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் தடித்த மேட்டை முதலில் எடுத்துவிடுங்கள். பெடல் கடைசிவரை போகாமல் ஸ்விட்ச் அழுந்தாததால் எத்தனையோ நல்ல செல்ஃப்கள் வீணாகக் கழன்றிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் 'பி'யில் எடுக்காதபோது 'என்'னில் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் எடுத்தால் கியர் நிலை ஸ்விட்ச்தான்.

செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை என்றால்

கேட்க வேண்டிய முதல் கேள்வி, சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா?

சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, திரும்ப எடுக்கும்போது பிடிக்கவில்லை. இருபது முப்பது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இது பெரும்பாலும் கிராங்க் சென்சாரின் (என்ஜின் சுற்றுவதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) கைவரிசை. சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. செல்ஃப் சுற்றும்போது பல கார்களில் ஆர்.பி.எம். முள் சற்றே எழும். அது செத்துக் கிடந்தால் சந்தேகம் வலுக்கும். ஓ.பி.டி. ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். எண்ணைப் பாருங்கள். 150-லிருந்து 300 வரை ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் சென்சாரோ அதன் வயரோ. கையெட்டும் இடத்தில் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் சுற்றிப் பாருங்கள், உடனே பிடித்தால் வேறு சாட்சி வேண்டாம். இந்த ஒரு பாகத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், கம்பெனி உருப்படியே போடுங்கள்.

ஸ்கேனரில் கோளாறு எண் பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சுற்று, பி0340 என்றால் கேம் சென்சார் சுற்று. 'பெண்டிங்' (இன்னும் உறுதியாகாத கோளாறுகள்) பட்டியலையும் பார்க்க வேண்டும், விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் பதுங்கும். ஒரு வேண்டுகோள்: ஸ்கேன் செய்வதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள். "ரீசெட் பண்ணிட்டேன் சார்" என்று சொல்லும் நொடியில் அத்தனை சாட்சியும் அழிந்துபோகிறது.

காலையில் மட்டும் ரொம்ப நேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது என்றால் பெட்ரோல் அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது. சாவியை ஆன் செய்தால் பின் சீட் அடியில் இரண்டு விநாடி "ஙீ" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். மூன்று தடவை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்பில் இருக்கும் ஒருவழி வால்வு கசிகிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பம்ப் சத்தமே சில நாள் கேட்கவில்லை என்றால் அதன் ரிலேயும் கனெக்டரும்.

டாஷ்போர்டு மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னுகிறதா? இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) சாவியை அடையாளம் காணவில்லை. சில கார்களில் என்ஜின் பிடித்து ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். ஸ்பேர் சாவியில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி (பெரும்பாலும் சி.ஆர். 2032) தீர்ந்திருக்கலாம், ரிமோட்டையே பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பல கார்கள் எடுக்கும்.

செகண்ட் ஹாண்டில் வாங்கின கார் என்றால் ஒரு இடத்தைக் கட்டாயம் தேடுங்கள். பழைய ஓனர் போட்ட அலாரமோ ஜி.பி.எஸ். கருவியோ டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். வண்டியை நிறுத்துவதற்காக இக்னிஷன் வயரையோ பம்ப் வயரையோ வெட்டி, நடுவில் ஒரு மலிவு ரிலே வைத்து, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். பசை இளகி, முறுக்கு தளர்ந்து, நினைத்தபோது ஒட்டும், நினைத்தபோது விடும். அதை அப்புறப்படுத்தி வயரை நேராகச் சேர்த்துச் சால்டர் வையுங்கள்.

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நிற்கும் காருக்கு எலித் தொல்லையும் உண்டு. பானெட்டைத் திறந்து, என்ஜின் மேல் எச்சமோ கடித்த ரப்பர் துணுக்கோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி கடித்த வயர் வெயிலில் வேலை செய்யும், மழை ஈரத்தில் விட்டுவிடும்.

சனி, ஞாயிறு நின்றுவிட்டு, திங்கள் காலையில் மட்டும் செல்ஃப் சுற்றாமல் தகராறு என்றால் நின்ற இடத்தில் கரண்ட் கசிகிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, எல்லாம் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போகும், 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் படுத்துவிடும். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழிதான்.

கடைசியாக, மெக்கானிக்கிடம் "ப்ராப்ளம் இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள், வீடியோவைக் காட்டுங்கள். கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தால், செல்ஃப் சுற்றாததற்கு "டிக் அந்த சவுண்ட் பருத்தெ, செல்ஃப் திருகல்ல". சுற்றியும் பிடிக்காததற்கு "செல்ஃப் திருகுத்தெ, ஸ்டார்ட் ஆகல்ல". எத்தனை மணிக்கு, சூடா குளிரா, மழையா, மீட்டரில் எந்த விளக்கு எரிந்தது, எந்த இணைப்பில் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதி வீடியோவோடு சேர்த்துக் கொடுங்கள்.