ஆயிரம் ரூபாயின் தொனி

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ‘எழுதியவரின் நோக்கம்: விழிப்புணர்வு ஏற்படுத்துதல். தொனி: உருக்கம்’ என்றே எழுதுகிறார்கள். தொனிச் சொற்களைப் பட்டியலாக்கி மனனம் செய்யச் சொல்லலாமா? பெற்றோர் படிக்காதவர்கள், வீட்டிலும் உதவி கிடைக்காது.

வி.

அன்புள்ள டீச்சர்,

பட்டியல் வேண்டாம். இன்று ‘உருக்கம்’ என்று எழுதும் பிள்ளை நாளை ‘அங்கதம்’ என்று எழுதும், அவ்வளவுதான்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. படிக்காதவர்களுக்குத் தொனி பிடிபடாதா என்பதைத்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல் ரேகைதான். ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஓர் அறிவித்தலை வாசித்தார். ‘அன்பான தொழிலாளர்களே, நமது தோட்டம் ஒரே குடும்பம்’ என்று தொடங்கி, உலகச் சந்தை, தேயிலை விலை என்று நீண்டுகொண்டே போனது. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடியே பெரியம்மா கேட்டார்: “குடும்பம் இருக்கட்டும் ஐயா, நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தில் எத்தனை கிலோ கூட்டியிருக்கிறீர்கள்?” கணக்கப்பிள்ளை அந்த வரிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டு கிலோ. கடைசிப் பந்தியில் இருந்தது. எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்பது அதற்கும் கீழே.

தோட்டத்து மேலாளரான துரையின் குரலில் பாசம் கூடினால் எங்கோ எதுவோ குறையப் போகிறது என்பது லயத்தில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர்களுக்குத் தெரியும். அவர்களின் பேத்திகளை வகுப்பில் உட்காரவைத்து, மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று கட்டுரை கொடுத்து மழுங்கடிக்கிறீர்கள். மறுக்க ஆளே இல்லாத கட்டுரையில் தொனியை எங்கே போய்த் தேடுவது? நானாக இருந்தாலும் ‘விழிப்புணர்வு’ என்றுதான் எழுதிவைப்பேன்.

சண்டை உள்ள எழுத்தைக் கொடுங்கள். தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015 இல் எழுந்து, 2021 மார்ச்சில்தான் அரச வர்த்தமானியில் வந்தது. தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. கம்பனித் தரப்பு எழுதியதில் உற்பத்திச் செலவு, உற்பத்தித்திறன் என்று எண்ணாக இருக்கும். கொழுந்து பறிக்கும் ஆள் இருக்கமாட்டாள். தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்தில் வியர்வையும் இரத்தமும் இருக்கும். எண் ஒன்றுதான், ஆயிரம். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எது சொல்லப்படவில்லை என்று கேளுங்கள். இரத்தம் குடிக்கும் அட்டையும் மழையும் ஏன் ஒன்றில் இல்லை? தேயிலை ஏல விலை ஏன் மற்றதில் இல்லை? அச்சடிக்கக் கொடுத்த காசு யாருடையது? விடுபட்டதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நோக்கம் தானாகத் தெரியும். நோக்கம் தெரிந்தபின் தொனிக்குப் பெயர் வைப்பது சின்ன வேலை. பரீட்சையில் அந்தச் சின்ன வேலைக்கு மட்டுமே புள்ளி என்றால், அதை இரண்டு பாடவேளையில் முடித்துவிடலாம்.

எல்லா வற்புறுத்தலும் ஒளித்துவைத்த காரியம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் நோக்கத்தை நெற்றியில் எழுதி ஒட்டியவர்கள். அந்தப் பாட்டுகளில் ஒன்றையும் வகுப்பில் பாடவையுங்கள்.

சங்கத் துண்டுப்பிரசுரத்தைச் செல்லம் கொடுத்து விட்டுவிடாதீர்கள். கோரிக்கை நான்கு வரி, தலைவரின் படம் அரைப்பக்கம். ஏன் என்று அதையும் பிள்ளைகள் எழுதட்டும். சங்கக்காரர்கள் வந்து சத்தம் போட்டால், அதிபரிடம் சொல்லிப் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள்.