யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: குடும்பத்தோட ஒரு நாள், கேளுங்க சொல்றேன்

வணக்கம். குடியிருக்கிறது சிங்கப்பூரில். ஊரிலிருந்து யார் வந்தாலும் யுனிவர்சல் பூங்கா இருக்கிற செந்தோசா தீவுக்குக் கூட்டிட்டுப் போற வேலை எங்க வீட்டில் என் தலையில்தான் விழும். அதனால யுனிவர்சல் பத்தி எது வேணும்னாலும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளைங்களைச் சுவரோரமா நிக்க வெச்சு உயரத்தை அளந்துட்டு வந்து கேளுங்க. வயசை வெச்சு அங்க யாரும் எதிலும் ஏத்த மாட்டாங்க.

தஞ்சாவூர் அப்பா: அக்கா, பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 5 வயசு. எதிலெல்லாம் ஏறலாம்?

மறுபடியும் வயசு! சரி, உயரக் கணக்கைச் சொல்லிடறேன், நீங்களே பொருத்திப் பாருங்க. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேணும். அது ரெண்டு தண்டவாளம். சிவப்பு நிற 'மனிதர்' பக்கம் உட்கார்ந்து போறது. 'சைலான்' பக்கம் காலைத் தொங்கப் போட்டுத் தலைகீழா சுத்துறது. ரெண்டுக்கும் அதே உயரம்தான். மம்மி ரைடுக்கு 122, ஜுராசிக் பார்க் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, பூஸ் இன் பூட்ஸுக்கு 100. கேனபி ஃப்ளையருக்கு 92 போதும்.

உங்க பையன் மம்மிக்கும் பேட்டில்ஸ்டாருக்கும் எல்லைக்கோட்டில் நிப்பான்னு நினைக்கிறேன். ஒரு செ.மீ. குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. கெஞ்சினா நடக்காது, ஊழியர் மேல கோபப்பட்டும் பிரயோஜனம் இல்ல. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ன பிறகு பிள்ளை அழுதுக்கிட்டே வெளிய வர்றது பார்க்கவே கஷ்டமா இருக்கும். வீட்டிலேயே அளந்து, "உனக்கு இது கிடையாது, இது உண்டு"ன்னு பேசி முடிச்சுட்டுக் கிளம்புங்க.

இன்னொண்ணு. உயரம் இருக்குன்னா ஏத்தலாம்னு அர்த்தம் இல்ல. மம்மி முழுக்க இருட்டு, நடுவில் பின்பக்கமாவும் இழுக்கும். இருட்டுக்குப் பயப்படுற பிள்ளை 130 செ.மீ. இருந்தாலும் வேண்டாம்.

பொண்ணை வெச்சுக்கிட்டு ஒருத்தர் கீழ நிக்க, மத்தவர் ஏறிட்டு வந்து மாத்திக்கிற வசதி உண்டு. ரெண்டாவது ஆள் முதலிலிருந்து வரிசையில் நிக்க வேண்டியதில்ல. ஆனா வரிசைக்குள்ள போறதுக்கு முன்னாடியே வாசலில் இருக்கிற ஊழியர்கிட்டச் சொல்லணும்.

மதுரைவாசி: எந்த மாசம் கூட்டம் கம்மி?

நல்ல கேள்வி. நம்ம ஊர் லீவை மட்டும் பார்த்து டிக்கெட் போடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க லீவு, அப்புறம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். ஆக நம்ம கோடை விடுமுறையில் ஏப்ரல் கடைசி, மே முதல் மூணு வாரம் அருமையான நேரம்; மே 1 மட்டும் பொது விடுமுறை, தவிர்த்துடுங்க. அரையாண்டு லீவில் வந்தீங்கன்னா ஊர் உலகமே அங்கதான் நிக்கும். காலாண்டு லீவில் வர்றவங்க அக்டோபர் முதல் வாரத்தைப் பார்த்துக்கோங்க, சீனாவில் தேசிய விடுமுறை. சீனப் புத்தாண்டைச் சொல்லவே வேண்டாம்.

கிழமைன்னா செவ்வாய், புதன், வியாழன்.

மழை நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் அதிகம். மத்த மாசத்திலும் மதியத்துக்கு மேல இடி மின்னலோட கொட்டும். மின்னல் அடிச்சா வெட்டவெளியில் இருக்கிற பேட்டில்ஸ்டார், கேனபி ஃப்ளையர், ஜுராசிக் படகு எல்லாம் நிறுத்திடுவாங்க. டிரான்ஸ்ஃபார்மர்ஸும் மம்மியும் கூரைக்குள்ள, அதுக்குக் கவலை இல்ல. அதனால வெளியில் ஓடுறதையெல்லாம் காலையிலேயே முடிங்க. கதவு திறக்கிறதுக்கு அரை மணி முன்னாடி வாசலில் இருக்கணும். உள்ள நுழைஞ்சதும் அந்த உலக உருண்டை முன்னாடி போட்டோ, ஹாலிவுட் தெருவில் போட்டோன்னு ஆரம்பிச்சீங்கன்னா, உங்களைத் தாண்டிப் போறவங்க எல்லாம் வரிசையில் உங்களுக்கு முன்னாடி நிப்பாங்க. போட்டோவை சாயங்காலம் எடுங்க.

சேலத்திலிருந்து: எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கணுமா?

நீண்ட வரிசையில் நிக்காம சீக்கிரம் உள்ள போறதுக்கான பாஸ் அது. கூட்டமில்லாத வார நாளில் வேண்டாம். ஜூனிலும் டிசம்பரிலும் வந்தா வாங்குங்க. சாதாரண எக்ஸ்பிரஸில் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான். எத்தனை தடவை வேணும்னாலும் போறதுக்குத் தனி பாஸ், விலையும் அதிகம். உயரம் பத்தாத பிள்ளைக்கு வாங்கிக் காசை விடாதீங்க.

ஆம்பூர் தம்பி: அக்கா, அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமா. ஆனா

மதுரைவாசி: குறுக்கே பேசறேன், மன்னிக்கணும். ரைடில் ஏறாதவங்களுக்கு எதுக்குங்க டிக்கெட்? நாங்க எங்க அத்தையை சிராங்கூன் ரோடு ஹோட்டலிலேயே விட்டுட்டுப் போனோம். அவங்களும் வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடைன்னு நிம்மதியா இருந்தாங்க.

ரெண்டு வாலுங்களோட அம்மா: நிம்மதியா இருந்தாங்கன்னு யார் சொன்னா, அவங்களா நீங்களா? எங்க மாமியார் வாட்டர்வேர்ல்டு ஷோ பார்த்துட்டு, அந்த விமானம் தண்ணிக்குள்ள பாயுறதை ஊரில் தெருவுக்கே சொல்லிக்கிட்டு இருக்காங்க.

மதுரைவாசி: ஒரு ஷோவுக்காக அவ்வளவு காசா? வெயிலில் மயக்கம் போட்டு விழுந்தா யார் பார்க்கிறது?

ஆம்பூர் தம்பி: அம்மாவே "எனக்கு எதுக்குப்பா"ன்னுதான் சொல்றாங்க.

நம்ம வீட்டு அம்மாக்கள் எதுக்குத்தான் "எனக்கு எதுக்குப்பா"ன்னு சொல்லல? அதைப் பதிலா எடுத்துக்காதீங்க தம்பி. மதுரைக்காரரே, கோயிலுக்குப் போகணும்னு உங்க அத்தையே சொல்லியிருந்தா சரி, மறுபேச்சு இல்ல. கேட்காமலே முடிவு பண்ணியிருந்தீங்கன்னா நான் இந்த அம்மா பக்கம்தான்.

இப்ப விஷயம். பூங்கா ரொம்பப் பெருசு இல்ல. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுத்தி ஏழு பகுதி. வாசலை ஒட்டின ஹாலிவுட் பகுதிக்கு மேல பெரிய கூரை இருக்கு, வெயிலும் மழையும் விழாது. நியூயார்க்னு பேர் வெச்ச பகுதியிலேயே டைரக்டர் ஸ்பீல்பெர்க் திரையில் வந்து பேசுற 'லைட்ஸ், கேமரா, ஆக்‌ஷன்' உள்ளரங்கு. புயல் வந்து ஊரையே புரட்டுற காட்சி, ரைடு கிடையாது. ஆனா நின்னுதான் பார்க்கணும். வாட்டர்வேர்ல்டில் உட்கார்ந்து பார்க்கலாம், முன் வரிசைகளில் தண்ணி வாரி அடிப்பாங்க, அதனால மேல உட்கார வையுங்க. ஷோ நேரத்தை முதலிலேயே பார்த்து, மத்த திட்டத்தை அதைச் சுத்திப் போடுங்க. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வலின்னா வெட்கப்படாம எடுத்துக்கோங்க. 60 வயசுக்கு மேல டிக்கெட் விலையும் குறைவு. ஒரு விஷயம் மட்டும்: பாட்டியைப் பை காவலுக்கு உட்கார வெச்சுட்டு நீங்க எல்லாரும் ஏறப் போயிடாதீங்க. முறை வெச்சு ஒருத்தர் கூட இருங்க.

மதுரைவாசி: அத்தைகிட்ட இப்ப போன் போட்டுக் கேட்டேன். "அடுத்த தடவை பார்ப்போம்"னு சொல்றாங்க.

ரெண்டு வாலுங்களோட அம்மா: புரிஞ்சுதா?

ஓசூர் ராணி: எக்ஸ்பிரஸ் பாஸ் அவசியமா மேடம்?

மேல சொல்லியிருக்கேன்.

திருச்சியிலிருந்து: புளிசாதம் கட்டிட்டுப் போகலாமா? நாங்க சுத்த சைவம்.

வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க. கைக்குழந்தை உணவுக்குத் தடை இல்ல. பண்டைய எகிப்துப் பகுதியில் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேன்னு ஒரு கடை, நம்ம ஊர் சாப்பாடு அங்கதான். ருசிக்காக யாரும் போறதில்ல, பசிக்குப் போகலாம். பதினொன்றரைக்கே சாப்பிட்டுடுங்க, பன்னிரண்டு மணிக்கு மேல உட்கார இடம் தேடணும். தண்ணி பாட்டில் காசு கொடுத்து வாங்காதீங்க. காலி பாட்டில் கொண்டு போய்க் குழாயில் பிடிச்சுக்கோங்க, சிங்கப்பூரில் குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம்.

நெல்லை மச்சான்: ஜீன்ஸ் போட்டுட்டு வரலாமா?

ஜுராசிக் படகில் ஏறாத வரைக்கும் வரலாம். ஏறினா இடுப்புக்குக் கீழ நனையறது நிச்சயம், ஜீன்ஸ் சாயங்காலம் வரைக்கும் காயாது. அதோட ஏசி போட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸில் போய் நின்னா பல்லு கிடுகிடுக்கும். சீக்கிரம் காயுற மெல்லிசு துணி, மாத்துத் துணி ஒண்ணு, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வாங்கின மலிவு விலை மழை அங்கி ஒண்ணு. உள்ள வாங்கினா அதே அங்கிக்கு வலிக்கிற மாதிரி விலை.

கடலூர்: விசா எத்தனை நாளில் வரும்?

என் துறை இல்ல. சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையோட (ஐசிஏ) இணையதளத்தைப் பாருங்க.

ஈரோடு பிரதர்: அக்கா பொண்ணுக்கு 7 வயசு, பேட்டில்ஸ்டார் ஏறலாமா? அப்புறம் எக்ஸ்பிரஸ்

டேப் எடுங்க. அளங்க. அப்புறம் மேல போய்ப் படிங்க.

வேலூர் சித்தி: அன்னிக்கே மீன் காட்சியகத்தையும் முடிச்சுடலாமா?

வேண்டாம். ரெண்டுமே அரைகுறையா ஆகும்.

பட்டுக்கோட்டை: லிட்டில் இந்தியாவில் தங்கறோம். டாக்ஸியா, ரயிலா?

ரயில். லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு வழித்தடத்தில் ஏறினா ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட், மாறவே வேண்டாம். அங்கிருந்து விவோசிட்டி மால் மூணாவது மாடிக்குப் போய், செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி, ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் இறங்குங்க. போறதுக்கு மட்டும்தான் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வர்றதுக்குக் காசு இல்ல. நடக்கத் தெம்பு இருந்தா விவோசிட்டியிலிருந்து கடல் மேல நடைபாலம் இருக்கு, அது இலவசம். பூங்கா மூடின உடனே நிலையத்தில் கூட்டம் நெரியும். காலையில் ஒத்திப் போட்ட அந்தப் போட்டோக்களை அப்ப எடுத்துக்கிட்டு, அரை மணி கழிச்சு நிலையத்துக்கு வாங்க.