சம்பந்தி வீடு காத்திருக்கட்டும், அந்தப் பருக்கள் காத்திருக்கக் கூடாது

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. மூன்று மாதம் முன்பு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இடது முன்கையில் பெரிய மயிலிறகு ஒன்றை டாட்டூ போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தையில் கல்யாணம். சம்பந்தி அம்மா பார்த்துவிட்டு, "அதுக்குள்ள அழிச்சிட முடியாதா?" என்கிறார். யூடியூபில் பார்த்தால் புற்றுநோய் வரும், எய்ட்ஸ் வரும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் கை வெந்துவிடும், பிரசவத்தில் முதுகில் ஊசி போட மாட்டார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். லேசரில் எத்தனை நாளில் போகும்? இன்னொன்று, இறகில் சாம்பல் நிறம் உள்ள இடத்தில் மட்டும் இரண்டு மாதமாகச் சின்னச் சின்னப் பருக்கள். மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் அமுங்குகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது.
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: கடைசியில் 'இன்னொன்று' என்று போட்டு எழுதியிருக்கிறீர்களே அம்மா, கடிதத்தில் முக்கியமானதே அதுதான். மகளை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். லேசரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பச்சை குத்திய இடம் சில நாள் சிவந்திருக்கும். பிறகு அரிக்கும், செதில் செதிலாக உரியும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் அடங்கிவிட வேண்டும். ஆறிய டாட்டூவின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே மை இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியக் கூடாது. உங்கள் மகளுக்கு எல்லாம் ஆறிய பிறகு பருக்கள் வந்திருக்கின்றன. கறுப்புக் கோடுகளை விட்டுவிட்டு, சாம்பல் நிறத்தில் மட்டும் வந்திருக்கின்றன. இந்த இரண்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

சாம்பல் நிறம் பெரும்பாலும் கறுப்பு மையில் தண்ணீர் கலந்து எடுப்பது. சுத்தமில்லாத தண்ணீரில், சில சமயம் பாட்டிலில் வரும் தண்ணீரில்கூட, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகள் இருக்கும். மைக்கோபாக்டீரியம் செலோனே என்பது அதில் ஒன்று. குடித்தால் பொதுவாக ஒன்றும் செய்யாது. ஊசி வழியாகத் தோலுக்குள் இறக்கிவிட்டால் அங்கேயே குடியேறிவிடும். 2011-12இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஒரே டாட்டூ கலைஞரிடம் குத்திக்கொண்ட பலருக்கு இப்படித்தான் பருக்கள் வந்தன. அவர் கையுறை, ஊசி எல்லாம் சுத்தமாகத்தான் வைத்திருந்தார். கோளாறு, ஏற்கெனவே கலந்து விற்ற சாம்பல் மையில் இருந்தது. ஆகவே 'நல்ல ஏ.சி. கடையில்தான் போட்டேன்' என்று மகள் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் என் சந்தேகம் அதனால் தீராது.

இந்தக் கிருமிதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மைக்கு ஒவ்வாமை வந்தாலும் இப்படித் தடிக்கும். அது சிவப்பு மையில்தான் அதிகம். சார்க்காய்டோசிஸ் என்ற நோய் சில பேருக்கு முதன்முதலில் டாட்டூவில்தான் தலைகாட்டும். அது நுரையீரலையும் கண்ணையும்கூடத் தாக்கலாம் என்பதால் அவற்றையும் பிறகு பார்க்க வேண்டிவரும். மூன்றும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோல் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். அந்தத் தோலை மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும், அதாவது அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும், அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண கல்ச்சரில் இது தப்பிவிடும். கிருமி என்று உறுதியானால் அதற்கென்று உள்ள மாத்திரைகளை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். குணமாகிவிடும். வீட்டில் யாருக்கும் தொற்றாது.

அந்த ஆயின்மென்ட். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்களே, அதுவாகத்தான் இருக்கும். படர்தாமரைக்கும் அதுதான், முகப்பருவுக்கும் அதுதான், இப்போது டாட்டூவுக்கும் அதுதான். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும். வீக்கம் என்பது உடம்பு கிருமியோடு போடும் சண்டை. சண்டையை நிறுத்திவிட்டால் தோல் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கிருமி நிம்மதியாகப் பெருகும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. கவுன்ட்டரில் யார் கேட்கிறார்கள்? இன்றே நிறுத்துங்கள். டியூபைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையைச் சுற்றிச் சூடு, சீழ், காய்ச்சல், அக்குளை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தனியாரில் செலவாகும் என்று தயங்கினால் ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

இனி யூடியூப். டாட்டூவால் புற்றுநோய் வரும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. 2024இல் சுவீடனில் வந்த ஓர் ஆய்வு நிணநீர்ப் புற்றுநோயோடு ஒரு தொடர்பு இருக்கலாம் என்றது. இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ.? 330 பேரின் 932 டாட்டூக்களை வைத்துப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே ஒருவருக்கு லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். பிரசவ ஊசி முதுகில் போடுவது. உங்கள் மகள் குத்தியிருப்பது முன்கையில்! ரத்த தானம் மட்டும் ஓராண்டு செய்யக் கூடாது.

எய்ட்ஸைவிட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும்தான் பயப்பட வேண்டும். பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். பீச்சிலும் திருவிழாவிலும் ஒரே ஊசியை, ஒரே மைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் குத்துகிற இடங்களில் ஆபத்து நிஜம். மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதால் எச்.ஐ.வி. முடிவை இப்போதே நம்பலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். பி, சி இரண்டையும் ஆறு மாதம் ஆனதும் இன்னொரு முறை பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்க அரசு அட்டவணைக்கு வந்தது 2011இல்தான். மகளுக்குச் சின்ன வயதில் போட்டிருக்காவிட்டால் இப்போது மூன்று தவணை போட்டுவிடலாம்.

லேசருக்கு வருவோம். கறுப்பு மைக்கே ஆறு முதல் பத்து முறை செய்ய வேண்டியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி. மயிலிறகில் பச்சையும் நீலமும் இருந்தால் இன்னும் இழுக்கும். தைக்குள் நடக்காது. அவசரப்பட்டால் நம் நிறத் தோலில் வெள்ளைத் தழும்பு விழும். பருக்கள் இருக்கும்போது லேசர் கிட்டவே போகக் கூடாது. அழிக்கிறேன் என்று யாராவது சுண்ணாம்பையோ ஆன்லைனில் விற்கும் டாட்டூ ரிமூவல் கிரீமையோ கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதில் வெந்த கையைத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எதுவும் அதில் இல்லை என்று நினைக்கிறேன். சம்பந்தி அம்மாவின் முகம் மாறியதுதான் உங்களுக்கு நோய். இதற்கு என்னிடம் மருந்துச் சீட்டு கிடையாது, அபிப்பிராயம் உண்டு. எங்கள் ஓ.பி.க்குச் சர்க்கரைக்கு வருகிற பாட்டிகள் எத்தனை பேருடைய முன்கையில் கோலமும் தேளும் வீட்டுக்காரர் பெயரும் பச்சையாக இருக்கிறது தெரியுமா? குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டது. அவர்களை யாரும் கெட்ட குடும்பம் என்றதில்லை. எம்.ஜி.ஆர். சொன்னார் என்று கட்சிக்கொடியைக் கையில் குத்திக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு தலைமுறை, படித்து, பட்டணத்துக்கு வந்து, முழுக்கைச் சட்டை போட்டு அதை மறைத்தது. இப்போது பிள்ளைகள் அதே கையில் பணம் கொடுத்துக் குத்திக்கொள்கிறார்கள். எனக்கு டாட்டூ பிடிக்காது, என் பெண் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது என் ரசனை. மருத்துவக் காரணம் என்று அதற்கு வேஷம் கட்ட மாட்டேன்.

வேலை விஷயத்தில் மட்டும் கவனம் தேவைப்படும். துணை ராணுவப் படைகளில் டாட்டூ எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. ஐ.டி. கம்பெனியில் யாரும் கையைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

நீங்கள் எழுதியதில் சம்பந்தி அம்மாவுக்கு இது வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். மகளுக்கு? ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேட்டீர்களா? 24 வயதுப் பெண், தானே வந்து அழிக்கச் சொன்னால் செய்வேன். கல்யாணத்துக்காகக் கையைப் பிடித்து இழுத்துவந்தால் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலில் அவளிடம்தான் பேசுவேன். கல்யாணத்தன்று முழங்கை வரை மருதாணி வைக்கத்தானே போகிறீர்கள்? கறுப்பு மெஹந்தி மட்டும் வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் கலந்திருக்கும், கொப்புளம் வரும். பருக்கள் முழுதாக ஆறாமல் எந்த மருதாணியும் அந்தக் கையில் படக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது டாட்டூ கடையின் பெயரையும், முடிந்தால் மையின் பெயரையும் மகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பரிசோதனையில் கிருமி வந்தால் கடைக்காரருக்குப் போன் செய்து சொல்லவும் சொல்லுங்கள். அதே பாட்டிலிலிருந்து வேறு பலருக்கும் குத்தியிருப்பார். அவர்களும் இந்நேரம் ஏதோ ஒரு டியூபைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.